கிணற்றடியில் தொடங்கிய தோட்டம்



பி பிளாக்கின் பின்னால், மதில் சுவரை ஒட்டி ஒரு நீளமான மண் தரை இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அல்லது பார்க்காமலே பத்து வருடம் இங்கே குடியிருந்திருப்பீர்கள். என் மருமகளே போன மாதம்தான் முதல் தடவையாக அங்கே போனாள். 60 அடி நீளம், 12 அடி அகலம். ஒரு ஓரத்தில் பழைய கிணறு, அதன் மேல் சிமென்ட் பலகை. மறு ஓரத்தில் உடைந்த டைல்ஸும் யாரோ கழற்றிப் போட்ட கம்மோடும். நடுவில் தானாக முளைத்த ஒரு பப்பாளி.

இந்த இடத்தை என்ன செய்வது என்பதுதான் அடுத்த பொதுக்குழுவில் வரும் நான்காவது தீர்மானம். இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, பேவர் பிளாக் பதித்து கார் நிறுத்துமிடம் ஆக்குவது. மற்றொன்று, விருப்பமுள்ள குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்தியாகப் பிரித்துத் தோட்டம் போடக் கொடுப்பது. இரண்டாவது யோசனைக்காக ஒரு வடிவமைப்பாளர் வரைந்து தந்த படம் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. புல்தரை, வெள்ளைக் கூழாங்கல், வரிசையாகக் குரோட்டன்ஸ், சுவரில் தொங்கும் தொட்டிகள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று அந்தப் படத்தில் ஒரு கோடுகூட இல்லை. கிணறு இருக்கிற இடத்தில் ஒரு அலங்கார நீரூற்று வரைந்திருக்கிறார்!

"இந்த ஊரில் வீட்டுத் தோட்டம் எல்லாம் முன்னே எப்படி இருந்தது என்று ஒரு கட்டுரை எழுதுங்களேன்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எழுத உட்கார்ந்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: சென்னையில் குடும்பத் தோட்டத்தை வடிவமைத்தது தண்ணீர். மரம் செடி எல்லாம் அது போன வழியில் பின்னால் வந்து நின்றவை. தண்ணீரின் வழி மாறியபோதெல்லாம் தோட்டமும் மாறியது. சில இடங்களில் காணாமலே போனது.

முதலில் நம் பேட்டையின் பெயர்ப் பலகைகளைக் கொஞ்சம் பாருங்கள். நுங்கம்பாக்கத்தில் வாலஸ் கார்டன், பைகிராஃப்ட்ஸ் கார்டன் சாலை. கிரீம்ஸ் சாலைப் பக்கம் மேக்கேஸ் கார்டன். அங்கெல்லாம் இன்று போனால் ஸ்கேன் சென்டரும் துணிக்கடையும் அடுக்குமாடியும்தான். அதேபோல மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை இருக்கிறது. அங்கிருந்து எந்தப் பக்கம் கழுத்தை நீட்டினாலும் ஏரி தெரியாது. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' சாலை, அதாவது ஏரிக்கரைச் சாலை. கரை மட்டும் பெயரில் நிற்கிறது. தோட்டமும் ஏரியும் இருந்த ஊர் இது என்பதற்கு மாநகராட்சியே வைத்திருக்கும் சாட்சிகள் இவை.

கார்டன் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்களின் தோட்ட வீடுகளிலிருந்து வந்தவை. 1639-இல் இங்கே கால் வைத்த கம்பெனிக்காரர்கள் நெடுங்காலம் கோட்டைக்குள்ளும் அதன் ஓரத்திலும்தான் ஒண்டிக் கிடந்தார்கள். பிறகு காற்று வாங்கக் கோட்டைக்கு வெளியே வீடு தேட ஆரம்பித்தார்கள். 1753-இல் கம்பெனி ஆளுநருக்கென்று திருவல்லிக்கேணி அருகே அந்தோனியா தெ மதெய்ரோஸ் என்ற பெண்மணியிடமிருந்து ஒரு தோட்ட வீட்டை வாங்கியது. அந்த வளாகம்தான் பின்னால் அரசினர் தோட்டம் ஆனது. ஓமந்தூரார் தோட்டம் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் பற்றிய பயம் நீங்கியதும், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அண்ணா சாலையின் இருபுறமும் தோட்ட வீடுகள் பெருகின.

அந்த வீடுகளின் அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பல காணி நிலத்தின் நடுவில் வீடு. வாயிலிலிருந்து வளைந்து வரும் வண்டிப்பாதை, தூண் வைத்த முகப்பு, சுற்றிலும் மரங்கள், பின்னால் வேலையாட்களின் குடியிருப்பு. (காணி என்றால் 24 மனை, ஒரு மனை என்றால் 2,400 சதுர அடி. நாம் இன்றும் 'ஒரு கிரவுண்டு, அரை கிரவுண்டு' என்று பேசுவது இந்தப் பழைய சென்னைக் கணக்கில்தான்.) இத்தனை பெரிய இடத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கிணறு வேண்டும், இறைக்க ஆள் வேண்டும், மாடு வேண்டும். இவை மூன்றுக்கும் பணம் வேண்டும். ஆட்கள் போனதும் இந்தத் தோட்டங்கள் வாடியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனவைதான் தப்பின. அடையாற்றில் 27 ஏக்கர் ஹடில்ஸ்டன் தோட்டத்தை 1882-இல் பிரம்மஞான சபை வாங்கியது. மௌப்ரே என்பவரின் தோட்ட வீடு 1963-லிருந்து மெட்ராஸ் கிளப்பாக இருக்கிறது. இன்றைய டி.டி.கே. சாலைக்கு மௌப்ரேஸ் சாலை என்று பெயர் இருந்ததும் அவரால்தான்.

நம் வீட்டுத் தோட்டத்துக்கு ஆங்கிலேயர் தந்தது என்னவென்றால் அது செடிகள்தான். நுங்கம்பாக்கத்தில் ஆண்டர்சன் சாலை இருக்கிறதே, அந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் கம்பெனியின் தலைமை மருத்துவர். சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காக சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுப் பார்த்தவர். 1835-இல் வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் இருந்தது. அந்தச் சங்கத்தின் நிலத்தில்தான் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் நடந்தது. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட்ட தலைமுறை நம் குடியிருப்பிலும் உண்டு. அது 2008-இல் மூடப்பட்டு, 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது. இப்படிப்பட்ட தோட்டங்கள் வழியாகத்தான் தென்கிழக்காசியக் குரோட்டன்ஸ், பிரேசில் நாட்டுக் காகிதப்பூ, மடகாஸ்கரின் மயிற்கொன்றை, அமெரிக்கக் கண்டத்தின் தூங்குமூஞ்சி மரம் எல்லாம் நமக்குச் சொந்தச் செடிகள்போல ஆகிவிட்டன. லிஃப்ட் பக்கத்துப் படத்தில் இருக்கும் தோட்டமும் இந்த வம்சம்தான். ஆள் வைத்துத் தண்ணீர் ஊற்ற முடிந்தவர்களின் தோட்டம் அது.

இன்னொரு வம்சம் இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது.

என் பாட்டி வீடு திருவல்லிக்கேணியில். அகலம் இருபது அடிகூட இருக்காது. நீளம் மட்டும் நூறு அடிக்கு மேல். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, கடைசியில் கிணற்றடியும் கொல்லையும். மயிலாப்பூர், திருவொற்றியூர், காஞ்சிபுரம் என்று எங்கே போனாலும் பழைய தெருவீடுகளின் அமைப்பு இதுதான். 'தோட்டம்' என்று யாரும் சொன்னதில்லை. "கொல்லைக்குப் போய் ரெண்டு கொத்து கறிவேப்பிலை பறிச்சுண்டு வா" என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் கொல்லையை யாரும் காகிதத்தில் வரைந்து திட்டமிடவில்லை. ஆனால் அதில் எதுவும் ஏனோதானோ என்று நிற்கவும் இல்லை. கிணற்றைச் சுற்றி கருங்கல் தளம், ஒரு பக்கமாகச் சற்றே சரிவு. அந்தச் சரிவின் முடிவில் துவைக்கிற கல். அங்கிருந்து செங்கல் அடுக்கிய ஒரு சாண் அகல வாய்க்கால். குளித்த தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் அதில் ஓடும். வாய்க்காலின் முதல் வளைவில் வாழைக் கன்றுகள், அடுத்து ஈரத்தில் செழிக்கும் சேம்பு, அதற்கும் அப்பால் தென்னை. பாட்டி நின்றபடியே காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி ஒரு பக்கம் அடைத்து மறு பக்கம் திறந்துவிடுவாள். வயலில் மடை மாற்றுவது போலத்தான். அளவு மட்டும் உள்ளங்கை அகலம்.

எல்லாத் தண்ணீரும் எல்லாச் செடிக்கும் போகாது. முற்றத்துத் துளசிக்கும், பூஜைக்குப் பறிக்கிற நந்தியாவட்டை, பவழமல்லி, செம்பருத்திக்கும் கிணற்றிலிருந்து சேந்திய நல்ல தண்ணீர். அரிசி களைந்த தண்ணீர் கழுநீர்ப் பானைக்கு, அதாவது மாட்டுக்கு; மாடு போன பிறகு கறிவேப்பிலைக்கு. புளித்துப்போன மோரும் கறிவேப்பிலைக்குத்தான். சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்த தண்ணீர் தென்னைக்கு. கறிவேப்பிலை அடுக்களைக்குப் பக்கத்தில் நிற்கும். தாளிக்கும்போது ஓடிப்போய்ப் பறிக்க வேண்டுமே. முருங்கை கொல்லைக் கடைசியில். அதன் கிளை லேசான காற்றுக்கே ஒடிந்து விழும், கம்பளிப்பூச்சி வேறு வரும். முன் வாசலில் முருங்கை ஆகாது என்ற சாஸ்திரத்துக்குப் பின்னால் இருக்கிற காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கொல்லையின் கடைசிக் கோடியில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அதைச் சுத்தம் செய்ய வந்தவர்களுக்கு முன் வாசல் கிடையாது, பின் சந்துதான். பிறந்த சாதியைக் காரணம் காட்டி அந்த வேலை அவர்கள் தலையில் கட்டப்பட்டிருந்தது. கக்கூஸுக்கும் கிணற்றுக்கும் இடையே இருந்த தூரமோ கொஞ்சம்தான். காலராவும் விஷக்காய்ச்சலும் வீட்டுக்கு வீடு தெரிந்த விருந்தாளிகள். அத்தனை வாளித் தண்ணீரையும் சேந்தியது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தோள்தான். ஆகவே "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று நான் பெருமூச்சு விடப்போவதில்லை. தண்ணீரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பயன்படுத்திய அந்த அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குழாய் வந்தது மெல்ல. 1772-இல் ஏழு கிணறு திட்டம் கோட்டைக்குத் தண்ணீர் கொடுத்தது. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குத் தண்ணீர் வந்தது. 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையம் தொடங்கியது. அதை முன்னின்று செய்த பொறியாளர் மேட்லியின் பெயரில்தான் நம் தி. நகரில் மேட்லி சாலை. மழை பெய்தால் சுரங்கப்பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது நாம் உச்சரிப்பது குடிநீர் கொடுத்த அந்த மனிதரின் பெயரைத்தான்! ஏறக்குறைய அதே காலத்தில் நகருக்குப் பாதாளச் சாக்கடையும் திட்டமிடப்பட்டது.

அந்த நேரத்தில் சென்னைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர், பெயர் பேட்ரிக் கெடிஸ். அடிப்படையில் தாவரவியல் படித்தவர், பிறகு நகர அமைப்பு வல்லுநர் ஆனவர். சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் அழைத்து 1914-இல் இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றிய தன் கண்காட்சிப் படங்களை எல்லாம் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதை நடுக்கடலில் மூழ்கடித்தது எது தெரியுமா? செப்டம்பர் 22, 1914 இரவு சென்னையின் மேல் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல்தான். கெடிஸ் அசரவில்லை. நண்பர்களிடமிருந்து புதிதாகப் படங்களைத் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டார். பிறகு மாகாணத்தின் பல ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார்.

வீடுகளை இடித்து அகலச் சாலை போடுவதே நகர மேம்பாடு என்று மற்றவர்கள் நினைத்திருந்தபோது, அவர் முற்றத்தையும் சின்னச் சின்ன வீட்டுத் தோட்டங்களையும் காப்பாற்றச் சொன்னார். இந்தூருக்காக 1918-இல் எழுதிய அறிக்கையில் நகரத்தின் கழிவு தோட்டத்துக்கு உரமாகவும் நீராகவும் திரும்ப வேண்டும் என்று வாதாடினார். பாட்டி காலால் செய்ததை அவர் பக்கம் பக்கமாக எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நகரமோ அதற்குள் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. நல்ல தண்ணீர் ஒரு குழாயில் உள்ளே வரும், அழுக்குத் தண்ணீர் இன்னொரு குழாயில் வெளியே போகும், இரண்டும் மண்ணைத் தொடாது. நோயைத் தடுக்க அது தேவைதான். ஆனால் வாய்க்காலை நம்பி நின்ற வாழைக்கு அன்றோடு தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு தோட்டம் வேண்டும் என்றால் அதற்கென்று தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இப்போது நம் பேட்டைக்கு வருவோம். நாம் குடியிருப்பது ஒரு ஏரிக்குள். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் அதன் ஒரு பகுதியை வடியவிட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் இந்த நகரை அமைத்தார்கள். நடுவில் பனகல் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், சாலைகளில் மனை மனையாக வீடுகள். ஏரியின் வடக்குப் பகுதி பின்னால் தூர்ந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் தண்ணீர் நம் அடித்தளத்துக்கு வருவதைக் குற்றம் சொல்கிறோம். அதன் வீட்டுக்கு அது வருகிறது, அவ்வளவுதான்.

தி. நகர், அதற்குப் பின் வந்த காந்தி நகர், அண்ணா நகர் போன்ற பேட்டைகளில் இரண்டு வம்சமும் ஒரே மனையில் வந்து சேர்ந்தன. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இடம் விட வேண்டும் என்ற விதியால் தோட்ட வீடு சுருங்கி ஒரு மனைக்குள் வந்தது. முன்பக்கம் கேட், போர்ட்டிகோ, குரோட்டன்ஸ், ரோஜாத் தொட்டி, காகிதப்பூக் கொடி. இது வருகிறவர்கள் பார்க்க. பின்பக்கம் கிணறு, துவைக்கிற கல், வாழை, தென்னை, கொய்யா, மருதாணி. இது வீட்டார் வாழ. முன் தோட்டத்தில் தாத்தா நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். பின் தோட்டத்தில் அம்மாவும் பாட்டியும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஏரியின் மேல் கட்டிய வீடு என்பதால் கிணற்றில் பத்து இருபது அடியிலேயே தண்ணீர். எங்கள் பெரியப்பா வீட்டுக் கிணற்றில் ஐப்பசி மாதத்தில் குனிந்தே வாளியை நிரப்பலாம்.

1970-களுக்குப் பிறகு அந்த வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆயின. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. நாலு பிள்ளைகளுக்கு ஒரு வீட்டை எப்படிப் பிரிப்பது? பில்டர் வந்து ஆளுக்கு ஒரு ஃபிளாட், கையில் கொஞ்சம் பணம் என்றார். முன் தோட்டம் கார் வரும் வழி ஆனது. பின் தோட்டத்தில் ஜெனரேட்டரும் செப்டிக் டேங்கும் ஏறின. கிணற்றைச் சில இடங்களில் மூடினார்கள், சில இடங்களில் மண் போட்டுத் தூர்த்தார்கள். நம் இடத்தில் மூடினதோடு விட்டார்கள், நம் அதிர்ஷ்டம்.

உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்து ஒரு தடவை பாருங்கள். அதில் 'பிரிக்கப்படாத நிலப் பங்கு' என்று இத்தனை சதுர அடி எழுதியிருக்கும். யு.டி.எஸ். என்று பேங்கில் கேட்பார்களே, அதுதான். அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று யாராலும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. லிஃப்டுக்கு அடியிலும் இருக்கிறது, கேட்டுக்கு அடியிலும் இருக்கிறது, அந்தப் பப்பாளி மரத்துக்கு அடியிலும் இருக்கிறது. அதனால்தான் ஒரு குடும்பத்துக்கு 'சொந்தத் தோட்டம்' என்ற பேச்சை எடுத்தாலே நம் ஊர் அடுக்குமாடிகளில் சண்டை வருகிறது. தரைத்தளத்தார் தன் ஜன்னலுக்கு வெளியே நாலு தொட்டி வைத்தால் "பொது இடம்" என்று மூன்றாம் மாடி சத்தம் போடுகிறது. பாத்தி பிரித்துக் கொடுப்பதானாலும் சரி, கார் நிறுத்தக் கொடுப்பதானாலும் சரி, நாம் கொடுப்பது பயன்படுத்தும் அனுமதிதான், உரிமை இல்லை. வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற மாதிரி எழுதி வைப்பது நல்லது.

மொட்டை மாடியில் போடலாமே என்று சிலர் சொன்னார்கள். 2013-14 வாக்கில் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டப் பைகள் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து நம் ஊரில் மாடித்தோட்டம் பரவியது உண்மை. நானே இரண்டு வருடம் கத்தரியும் தக்காளியும் போட்டேன். ஆனால் ஒரு கன அடி நனைந்த மண் ஏறக்குறைய 50 கிலோ எடை. ஆள் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி கணக்கிடுவார்கள். சதுர அடிக்கு 14 கிலோதான் வருகிறது. தென்னை நார்க் கழிவு கலந்த பைகளைத் தூரத் தூர வைத்தால் பிரச்சினை இல்லை. தளம் முழுக்க ஒரு அடி மண் கொட்டிப் பாத்தி கட்டுவது நம் கட்டடத்தின் வயதுக்கு ஆகாது. அதனால்தான் கீழே இருக்கிற அந்த 720 சதுர அடி முக்கியமாகிறது. நம் வளாகத்தில் மண்ணே தரையாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

சென்னைக்கு வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த 720 சதுர அடியின் மேல் மட்டும் வருடத்துக்குத் தொண்ணூறாயிரம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் ஏழெட்டு லாரி. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது ஒரு லாரிக்கு நாம் எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனபோது நாமும் குழி தோண்டினோம். தோண்டியது எங்கே? பி பிளாக் பின்னால்தான். அந்தக் குழியின் வாய் இப்போது டைல்ஸ் குப்பைக்கு அடியில் இருக்கிறது.

கார் வேண்டும் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஏழு குடும்பங்கள் தெருவில் வண்டியை விட்டுவிட்டு இரவெல்லாம் கவலைப்படுகின்றன. ஆனால் 60-க்கு 12 அடியில் மூன்று கார்தான் நிற்கும். பாக்கி நான்கு குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது? இன்னொன்று, அனுமதி பெற்ற வரைபடத்தில் அந்த இடம் வண்டி சுற்றி வரும் வழி என்று குறித்திருந்தால் அங்கே காரும் நிறுத்த முடியாது, பாத்தியும் போட முடியாது. வரைபடத்தின் நகலைச் சங்க அலுவலகத்தில் எடுத்து வைக்கும்படி கேட்டிருக்கிறேன். முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

தோட்டம் என்று முடிவானால், அந்த வடிவமைப்பாளரிடம் இன்னொரு படம் கேட்போம். அதில் முதலில் நீலக் கோடுகள் மட்டும் இருக்கட்டும். மாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாய் எங்கே, கிணறு எங்கே, எந்தப் பக்கம் சரிவு, மழை கொட்டினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும். பி பிளாக் பின்சுவரில் பதினொரு ஏ.சி.க்களின் குழாய்கள் சொட்டிக்கொண்டிருக்கின்றன. உப்பு இல்லாத தண்ணீர் அது. ஒரு டிரம்மில் சேர்த்தால் கோடையில் கீரைப் பாத்திக்குப் போதும். ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வேண்டாம். உப்பு கூடியது, தொட்டி மண்ணைக் கெடுக்கும். வாஷிங் மெஷின் தண்ணீரில்தான் பாட்டியின் முறையை அப்படியே பின்பற்ற முடியாது. அன்று சீயக்காயும் சாம்பலும். இன்று சோப்புத்தூள், அதன் சோடியம் நாளாக நாளாக மண்ணை இறுக்கிவிடும். கடைசியாக அலசும் தண்ணீரை மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டுப் பார்க்கலாம். கீரைக்கு வேண்டாம்.

கோடுகள் விழுந்த பிறகு செடி எது எங்கே என்று தானாகத் தெரியும். மழைக் குழாய் இறங்கும் மூலையில் வாழை. கிணற்றுக்குப் பக்கம் பூச்செடிகள். வெயில் விழும் கிழக்குப் பாதியில் ஆறு பாத்திகள். ஒவ்வொன்றும் நாலு அடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். மதிலை ஒட்டி முருங்கையும் தென்னையும் கூடவே கூடாது. பக்கத்துக் குடியிருப்பின் கார்கள் அங்கேதான் நிற்கின்றன. பப்பாளியை எடுக்க வேண்டாம், காய்க்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிளம்பரை வைத்துக் கிணற்றின் பலகையை ஒரு பக்கம் நகர்த்திப் பார்த்தோம். நானும் வாட்ச்மேனும் சி பிளாக் பையன்கள் இருவரும் இருந்தோம். கயிற்றில் கல் கட்டி இறக்கினோம். 18 அடியில் தண்ணீர், அதற்குக் கீழே இன்னொரு ஒன்பது அடி ஆழம். பையன்களில் ஒருவன் "இது எப்பவுமே இங்கதான் இருந்துதா தாத்தா?" என்று கேட்டான். தண்ணீர்ப் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறோம். முடிவு பொதுக்குழுவுக்கு முன் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இந்த மனையில் முன்பு இருந்த வீட்டின் புகைப்படமோ பழைய வரைபடமோ யாரிடமாவது இருந்தால் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். பின்பக்கம் தெரிகிற படமாக இருந்தால் இன்னும் நல்லது.